தட்டு நின்ற பிறகு

வேலூருக்குத் தென்மேற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய அணைக்கட்டு வட்டாரத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும், கோபுர முத்திரை போட்ட மடிக்கணினி ஒன்றாவது ஏதோ ஒரு வீட்டு பீரோவின் மேல் இருக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் கொடுக்கப்பட்டன. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அன்று அதைக் கையில் வாங்கிய பிள்ளைகள் இன்று ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வேண்டிய நாளில் பழைய பெட்டி பீரோவிலிருந்து இறங்குகிறது.

சர்வீஸ் கடைக்கு அதைக் கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "ஆன் பண்ணா டிக் டிக்குனு சத்தம் வருது தம்பி, அப்படியே கறுப்பா நின்னுடுது." கடைக்காரர் கேட்பதும் ஒன்றுதான். "உள்ள இருக்கிற டேட்டா வேணுமாக்கா?" அதற்கு வரும் பதிலும் தெரிந்ததே. "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, ஓடினா போதும்." ஒரு வாரம் கழித்துத்தான் நினைவு வரும், அக்கா கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன என்று.

பழுதான ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் புதியது மாட்டுவதும், ஓ.எஸ். போடுவதும் ஒரு மாலை நேரத்து வேலை. கடையில் போகிற போக்கில் கேட்கப்படும் அந்த ஒரு கேள்விதான் மொத்த வேலையின் வரிசையையே தீர்மானிக்க வேண்டியது. பெட்டி, ஓ.எஸ்., கோப்புகள் என்ற மூன்றில் முதல் இரண்டும் திரும்பக் கிடைக்கும். மூன்றாவது கிடைக்காது.

முதலில் அந்த 'டிக்' சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மடிக்கணினியில் அசைகிற பாகங்கள் மிகக் குறைவு. காற்றாடி ஒன்று, சி.டி. போடும் தட்டு ஒன்று, பிறகு ஹார்டு டிஸ்க். இரண்டரை அங்குல வகை டிஸ்குக்குள் இருப்பது பெரும்பாலும் கண்ணாடித் தட்டு. அதன் மேல் கோபால்ட் கலந்த காந்தப் படலம், அதற்கும் மேல் மெல்லிய கார்பன் பூச்சு. தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் விளிம்பு மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம் இழுத்துவரும் காற்றின் மெத்தையில், தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் படிப்புமுனை மிதக்கிறது. ஒரு தலைமுடியின் குறுக்களவு சுமார் 80,000 நானோமீட்டர். பீடிப்புகைத் துகள் ஒன்றுகூட அந்த இடைவெளியைப் போலப் பல மடங்கு பெரியது. டிஸ்கின் மூடியில் ஊசித்துளை போன்ற காற்றுவழி இருப்பதையும், அதற்குப் பின்னால் வடிகட்டி இருப்பதையும், 'இதை மூடாதீர்கள்' என்று அச்சடித்திருப்பதையும் கவனித்தால் காரணம் புரியும்.

அந்த முனை படிப்பது சில பத்து நானோமீட்டர் நீளமே உள்ள காந்தத் திட்டுகளை. இவ்வளவு சிறிய காந்தத்தை உணர முடிந்ததற்குப் பின்னால் ஓர் இயற்பியல் கண்டுபிடிப்பு இருக்கிறது. மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை, அருகில் வரும் காந்தத்தின் திசையைப் பொறுத்துக் கணிசமாக மாறுகிறது என்பதை 1988-ஐ ஒட்டி பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டார்கள். 2007-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அணைக்கட்டில் பிளஸ் டூ மாணவியின் கைக்கு வந்த டிஸ்கின் படிப்புமுனை அந்த ஆராய்ச்சியின் நேர் வாரிசு.

தட்டில் நம் கோப்புகள் மட்டும் இல்லை. 'நீ இப்போது எந்தத் தடத்தில் நிற்கிறாய்' என்று முனைக்குச் சொல்லும் வழிக்குறிகள் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். முனை பழுதடைந்தாலோ தட்டு கீறியிருந்தாலோ அந்தக் குறிகளைப் படிக்க முடியாது. வழி தெரியாத முனை தொடக்க இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி முயல்கிறது, திரும்புகிறது, மறுபடி முயல்கிறது. ஒவ்வொரு திரும்புதலுக்கும் ஒரு 'டிக்'. முனையோ தட்டோ சேதமாகியிருந்தால் அந்த ஒவ்வொரு முயற்சியும் கீறலை இன்னும் ஆழமாக்கலாம். ஆகவே சத்தம் கேட்டவுடன் செய்ய வேண்டியது அணைப்பது. 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று பத்து தடவை போட்டுப் பார்ப்பதில்தான் பல வீட்டுப் படங்கள் போயிருக்கின்றன.

எல்லா டிஸ்கும் இப்படிச் சத்தம் போட்டுச் சாவதில்லை. பல டிஸ்குகள் முன்கூட்டியே சொல்கின்றன. ஸ்மார்ட் என்ற பெயரில் ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. படிக்க முடியாமல் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை, இன்னும் சந்தேகத்தில் நிற்பவை எத்தனை என்ற இரண்டு எண்கள் அதில் முக்கியமானவை. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, தட்டைப் பின்னணியில் சோதிக்கும்போது முதல் பிழை (ஸ்கேன் எரர்) தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்கைவிட 39 மடங்கு என்று காட்டியது. எந்த எச்சரிக்கையும் காட்டாமல் செத்த டிஸ்குகளும் அதே ஆய்வில் ஏராளம். ஸ்மார்ட் 'நலம்' என்று சொன்னால் நம்பி இருந்துவிடக் கூடாது. 'நலமில்லை' என்று சொன்னால் அன்றைக்கே நம்ப வேண்டும்.

சாகாமல், வெறுமனே ஆமை வேகத்தில் ஓடும் பெட்டிகளே அதிகம். அவற்றைப் 'பழசாயிடுச்சு' என்று ஒதுக்குவதை ஒரு கணக்கைப் பார்த்துவிட்டுச் செய்யலாம். ஒரு சிறு கோப்பைப் படிக்க முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 12 மில்லிநொடி. பிறகு தேவையான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிநொடி. ஆக நொடிக்கு அறுபது தாவல்கூடத் தேறாது. ஓ.எஸ். எழுந்து நிற்கப் பத்தாயிரம் சிறு வாசிப்புகள் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், தாவுவதற்கு மட்டுமே மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் பிராசஸர் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது. சுழலாத எஸ்.எஸ்.டி.யில் ஒரு வாசிப்புக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிநொடி. அதே பத்தாயிரம் வாசிப்பு ஒரு நொடியில் முடிகிறது. 2011-இன் பிராசஸர் இன்றைக்கும் பாடம் படிக்க, கடிதம் அடிக்க, படிவம் நிரப்பப் போதும். அதைக் கட்டிப்போட்டிருப்பது அந்தத் தட்டு.

இந்தப் பகுதிக்கென்றே சில தொல்லைகளும் உண்டு. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மின்வெட்டு அடுத்தது. மடிக்கணினிக்கு பேட்டரி இருப்பதால் கரன்ட் போனால் கவலையில்லை என்பது பேட்டரி உயிரோடு இருக்கும்வரைதான். பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் பெட்டியில் கரன்ட் போகும் கணத்தில், டிஸ்க் ஓர் அழகான காரியம் செய்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் சுழல்வேகத்தையே மின்சாரமாக்கி, அந்தக் கடைசி மிச்சத்தைக் கொண்டு முனையைப் பாதுகாப்பான சரிவில் ஏற்றி நிறுத்திவிடுகிறது. வடிவமைத்தவர்களைக் கும்பிடத் தோன்றும். ஆனால் வழக்கமான நிறுத்தத்தைவிட இது முரட்டுத்தனமானது. அடிக்கடி நடந்தால் தேய்மானம் கூடும். பாதியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடுவது தனி.

மூன்றாவது, பாலாற்றங்கரைத் தோல் தொழில் சார்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் ஷாப்புகளில் பச்சைத்தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு அமிலத்தைச் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகின முட்டை நாற்றம் அதுதான். மூக்குக்குத் தொல்லை தரும் அளவைவிடக் குறைவாக இருந்தாலும் அது செம்பையும் வெள்ளியையும் விடுவதில்லை. சல்பைடாக மாற்றிக் கறுக்க வைக்கும். கொலுசு கறுப்பதும் இதே வேதிவினை. ஐரோப்பா 2006-இல் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை விதித்த பிறகு மின்சுற்றுப் பலகைகளில் வெள்ளிப் பூச்சு பரவியது. கந்தகக் காற்று உள்ள ஊர்களில் பலகைகள் செயலிழப்பதும் கூடியது. அமெரிக்காவின் ஆஷ்ரே பொறியாளர் சங்கம் இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. சர்வர் அறையில் ஒரு மாதம் தொங்கவிட்ட செம்புத் தகட்டில் அரிமானப் படலம் 30 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது, வெள்ளித் தகட்டில் 20 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது. அணைக்கட்டு மலைக்காற்று வாங்கும் விவசாய ஊர். தோல் ஷாப்பை ஒட்டிய தெருக்களின் நிலை வேறு. எங்கே இருந்தாலும், 'டிஸ்க் தெரியவில்லை' என்று பெட்டி சொன்னால் டிஸ்கைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் இணைப்பு முனைகளைப் பார்ப்பது நல்லது. மெக்கானிக்குகள் பென்சில் ரப்பரால் ரேம் முனைகளைத் தேய்ப்பதில் அறிவியல் இருக்கிறது. அந்தக் கறுப்புப் படலம் மின்சாரத்தை மறிக்கிறது.

சரி, டிஸ்க்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று உறுதியானால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் மீட்பு. பழைய டிஸ்கில் உள்ள விண்டோஸை எழுப்பக் கூடாது. எழும்போதே அது நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதும். பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை நேரடியாக ஓடவிட்டு, ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைக் கொண்டு டிஸ்கின் முழு நகலை வேறொரு டிஸ்கில் எடுக்க வேண்டும். சாதாரணமாகக் காப்பி போட்டால் ஒரு கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ பரீட்சை எழுதத் தெரிந்த பிள்ளை மாதிரி. தெரிந்த கேள்விகளையெல்லாம் முதலில் எழுதி முடித்துவிட்டு, மீதி நேரத்தில்தான் தெரியாததற்குத் திரும்பும். எங்கெங்கே படித்தாயிற்று, எங்கெங்கே பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால் நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 320 ஜி.பி. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சில மணி நேரம், கெட்டிருந்தால் ஓரிரு நாள்கூட ஆகும். அவசரப்படக் கூடாது. 'டிக்' சத்தம் விடாமல் வந்தால் இதையும் செய்யாமல், தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் வரும், அதனால் உள்ளே இருப்பது அவ்வளவு பெறுமா என்று வீட்டார் கூடி முடிவெடுக்க வேண்டும்.

இனிக் கழற்றலாம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்னேற்றம் போய்விடும். பின்மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால் மேலே விசைப்பலகை வரை குத்திக்கொண்டு வரும், அதனால் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் அடுக்கி வையுங்கள். டிஸ்க் ஒரு தகரக் கூட்டுக்குள் நான்கு ஸ்க்ரூவில் நிற்கும். அதன் ஓரத்தில் இரண்டு வரிசை இணைப்பு முனைகள், தரவுக்கு 7, மின்சாரத்துக்கு 15. கிடைமட்டமாக இழுக்க வேண்டும், மேல்நோக்கித் தூக்கினால் பிளாஸ்டிக் நாக்கு ஒடியும். பழைய டிஸ்க் பெரும்பாலும் ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன், புது எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர். ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்துவிட்டுக் கூட்டோடு முடுக்கினால் வேலை முடிந்தது.

எஸ்.எஸ்.டி.க்குள் அசைவது எலக்ட்ரான் மட்டும். 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் சே-யும், நான்கு பக்கமும் காப்புச்சுவர் எழுப்பிய ஒரு மின்முனைக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைத்தால் மின்சாரம் நின்ற பிறகும் அவை அங்கேயே இருக்கும் என்று காட்டினார்கள். 1980-களில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோக்கா அதைக் கொத்தாக அழிக்கும் ஃப்ளாஷ் நினைவகமாக்கினார். சுவரைத் தாண்டி எலக்ட்ரான் போவது குவாண்டம் ஊடுருவலால். சுவரை உடைக்காமல் அது மறுபுறம் தோன்றுகிறது. ஆனாலும் ஒவ்வொரு அழிப்பும் சுவரைக் கொஞ்சம் நைக்கிறது. ஓராயிரம் முதல் சில ஆயிரம் முறைவரை தாங்கும். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தேய்மானத்தை எல்லா அறைகளுக்கும் சமமாகப் பங்கிட்டு வைப்பதால் வீட்டு உபயோகத்துக்குப் பல ஆண்டு வரும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மின்சாரமே கொடுக்காமல் வைத்தால் அடைபட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும், வெப்பம் கூடக் கூட வேகமாகக் கசியும். ஆயுளின் விளிம்புவரை பயன்படுத்தித் தேய்ந்த வீட்டு எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு நினைவை வைத்திருந்தால் போதும் என்பதே ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பின் தரநிர்ணயம். புதியது அதைவிட வெகுநாள் தாங்கும். ஆனாலும் மே மாத வேலூரில் பீரோ மேல் அது வருடக்கணக்கில் கிடப்பது நல்லதல்ல. கல்யாணப் படங்களுக்கு இரண்டாவது பிரதி ஒன்று வேறு எங்காவது இருக்கட்டும்.

புது டிஸ்க் வெறுமை. பவர் பட்டனை அழுத்தியதும் பலகையில் உள்ள பயாஸ் சில்லு விழித்து, டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படித்து, அதன் கடைசி இரண்டு பைட்டில் குறிப்பிட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்தத் துண்டு நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும், அது பூட்லோடரை எழுப்பும், பூட்லோடர் ஓ.எஸ்.ஸின் மையமான கெர்னலை எழுப்பும். வெறும் டிஸ்கில் அடையாளம் இல்லை, எனவே 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும். அது பழுதில்லை. எஃப்2 அல்லது எஃப்12 அழுத்தி பென் டிரைவைக் காட்டினால் நிறுவல் தொடங்கும்.

எதை நிறுவுவது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு 2011-இன் பெட்டியில் கிடையாது. கடையில் 'கிராக்' போட்ட விண்டோஸை நூறு, இருநூறுக்குப் போட்டுத் தருவார்கள். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பூட்டை உடைத்தவன் உள்ளே வேறென்ன வைத்தான் என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பெட்டியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள். நியாயமான வழி லினக்ஸ். அது அந்தப் பெட்டிக்குப் புதிதும் அல்ல. தொடக்கத்தில் வந்த பல விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, பெரும்பாலோர் திறந்தே பார்க்கவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய அதன் முதல் பதிப்பு 2007-இல் வந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்த சமயத்தில் அரசுத் துறைகளுக்கு மாற்றாகத் தமிழக அரசு முன்வைத்ததும் அதைத்தான். 2 ஜி.பி. ரேம் மட்டுமே உள்ள பெட்டியாக இருந்தால் எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற இலகுவான மேசைச் சூழல் கொண்ட டெபியனே இன்னும் பொருத்தம். தமிழ் இடைமுகம், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் கூடவே வரும்.

நிறுவி முடித்து, மீட்ட கோப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தால் தமிழ் வீடுகளில் மட்டும் காணும் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். படங்கள் திறக்கும், பாட்டு பாடும். தமிழில் அடித்த விண்ணப்பமும் சங்கத் தீர்மானமும் ரோமன் எழுத்தும் குறியுமாகக் குப்பையாய்த் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் எண்களில் குடியேறியிருந்தன. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. ஓ.எஸ். அழிந்தபோது அந்த எழுத்துருவும் அழிந்துவிட்டது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் அலுவலகங்களும் டி.டி.பி. கடைகளும் பழைய எழுத்துருக்களிலேயே அடித்தன. ஆகவே பழைய டிஸ்கின் நகலில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் மறக்காமல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் கொடுத்து எல்லாவற்றையும் யூனிகோடாக்கிவிட்டால் அந்த எழுத்துருவின் தயவு இனித் தேவையில்லை. தேடினால் கிடைக்கும், கைப்பேசியிலும் திறக்கும். மாற்றி அங்கங்கே 'ர'வையும் காலையும் குழப்பும், கொம்பை இடம் மாற்றும். ஒரு முறை படித்துத் திருத்தத்தான் வேண்டும்.

பழைய டிஸ்கை உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள். மீட்ட கோப்புகளை ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்து, இரண்டாவது பிரதியும் எடுத்த பிறகே அதற்கு விடை கொடுக்கலாம். அழி என்று சொன்னால் ஓ.எஸ். கோப்பின் முகவரியை மட்டும்தான் நீக்கும், உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். ஆதார் நகலும் பாஸ்புக் படமும் அதில் இருந்திருக்கும். இன்னும் ஓடுகிற டிஸ்க் என்றால் முழுவதையும் ஒரு தடவை பூஜ்யங்களால் நிரப்பினால் போதுமானது. ஓடாததை உடைக்க வேண்டும். தட்டு கண்ணாடி என்பதால் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டுக்கொண்டு உடையுங்கள். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்கள் இரண்டும் விரலை நசுக்கும் பலம் கொண்டவை. பிரித்து எடுத்தால் பள்ளி ஆய்வகத்துக்குக் கொடுங்கள், மிச்சத்தைப் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.